பாலியல் குற்ற வழக்கில் பெயர் சேர்ந்தால்: டெல்டா மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மகன்மேலோ, கணவர்மேலோ, தம்பிமேலோ போக்சோ (18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) அல்லது பாலியல் வல்லுறவு வழக்குப் பதிவாகிவிட்டது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து குடும்பம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதற்கான வழிகாட்டி இது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது. வக்கீலிடம் சரியான கேள்வியைச் சரியான நாளில் கேட்க உதவும்.

தொடங்கும்முன் ஒன்று. புகார் கொடுத்த பெண்ணுக்கும் குழந்தைக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு நியாயமானது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் சொல்வதுதான். மிரட்டியும் பேரம் பேசியும் நடத்துவது வழக்காடல் ஆகாது, அதுவே இன்னொரு குற்றம். கீழே உள்ள எல்லாம் தேதியையும் காகிதத்தையும் வைத்து நடத்தும் வேலை.

1. முதல் 24 மணி நேரம்

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். என்ன காரணத்துக்காகக் கைது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து கேட்டால், தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். காலை 6 மணிக்கு அழைத்துப் போனவரை மாலை 5 மணிக்குக் கைது செய்ததாக எழுதியிருந்தால், அப்போதே வக்கீலிடம் சொல்லுங்கள். அழைத்துப் போன நேரத்துக்கு உங்கள் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலே முதல் ஆதாரம்.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு. விசாரணை நேரம் முழுக்க வக்கீல் பக்கத்தில் இருக்க முடியாது, இடையில் பார்க்கலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பெயர், முகவரி, வயது, நோய், சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைச் சொல்லட்டும். சம்பவம் பற்றிய பேச்சை வக்கீலைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது. அதனால் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றுமில்லை என்று ஸ்டேஷன் வாசலில் சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்த வாக்குமூலத்தின் பேரில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக் கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாக நுழையும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

மருத்துவப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். ரத்த மாதிரி எடுக்க மறுக்க வேண்டாம். இந்த வகை வழக்கில் சட்டம் அதை அனுமதிக்கிறது, மறுப்பது பின்னால் எதிராகவே நிற்கும். உடம்பில் அடிபட்ட காயம் இருந்தால் டாக்டரிடம் காட்டி எழுத வைக்க வேண்டும். ரிமாண்ட் செய்யும், அதாவது காவலில் வைக்க உத்தரவிடும், மாஜிஸ்திரேட் "போலீஸ் அடித்தார்களா" என்று கேட்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

வீட்டில் அவர் உடுத்திய துணியைத் துவைக்காதீர்கள், எரிக்காதீர்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். தடயத்தை அழித்ததாக உங்கள்மேலேயே தனி வழக்கு வரும். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்களுக்குச் சாதகமான செய்தியும் அதோடு போய்விடும்.

குற்றச்சாட்டு 7 ஆண்டு வரை தண்டனையுள்ள பிரிவாக இருந்தால், கைதுக்குப் பதிலாக ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வரலாம். நோட்டீஸ் வந்தால் ஊரை விட்டுப் போய்விடாதீர்கள். வக்கீலோடு குறித்த நாளில் போய், போனதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

2. எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஃப்.ஐ.ஆர். நகல்தான் முதல் காகிதம். பாலியல் குற்ற எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்படுவதில்லை. தேடிப் பார்த்து "கிடைக்கவில்லை" என்று காத்திருக்காதீர்கள். வக்கீல் மூலம் கோர்ட்டில் நகல் மனு போட்டால், இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லியிருக்கிறது.

நகல் வந்ததும் முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததாகச் சொன்னால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். தண்டனையைக் கூட்டும் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் வழக்கின் தேதிக்கு எது பொருந்தும் என்று வக்கீலையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மத்தியச் சட்டத்தின்படி முக்கியமான பிரிவுகள் இவை. பி.என்.எஸ். 64, வல்லுறவு: குறைந்தது 10 ஆண்டு. 65, பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழ்: குறைந்தது 20 ஆண்டு. 69, மணப்பதாக ஏமாற்றி உறவு: 10 ஆண்டு வரை. போக்சோ 4, ஊடுருவும் பாலியல் தாக்குதல்: குறைந்தது 10 ஆண்டு, 16 வயதுக்குக் கீழ் என்றால் 20. போக்சோ 6, அதன் கடுமையாக்கப்பட்ட வடிவம்: குறைந்தது 20 ஆண்டு, மரண தண்டனை வரை போகும். போக்சோ 8, ஊடுருவல் இல்லாத பாலியல் தாக்குதல்: 3 முதல் 5 ஆண்டு. 10, அதன் கடுமையாக்கப்பட்ட வடிவம்: 5 முதல் 7 ஆண்டு. 12, பாலியல் தொந்தரவு: 3 ஆண்டு வரை.

காதல் விவகாரம் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும் வழக்குகள் எப்படிப் பிரிவு 6-க்குப் போகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு தடவைக்கு மேல் உறவு என்றாலோ, சிறுமி கர்ப்பமானாலோ, உறவினர் என்றாலோ, ஆசிரியர் என்றாலோ, 12 வயதுக்குக் கீழ் என்றாலோ அது கடுமையாக்கப்பட்ட குற்றம். 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பது எதிர்வாதமே ஆகாது. பெண் தானாக வந்தாள், கோயிலில் தாலி கட்டினோம் என்பது வழக்கை இல்லாமல் ஆக்காது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இன்னொரு வழக்கைத்தான் சேர்க்கும், அதில் கல்யாணத்தை நடத்தி வைத்த பெற்றோரும் வருவார்கள்.

புகார்தாரர் பட்டியல் இனத்தவராக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி இல்லையென்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் முன்ஜாமீனுக்குத் தடை வரும், ஜாமீன் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகத்தான் போக வேண்டும், விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

உங்கள் பையனுக்கே 18 ஆகவில்லை என்றால், பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் முதல் நாளே மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும். அவர் போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம், சிறை அல்ல.

3. வக்கீலும் கட்டணமும்

இந்த வழக்குக்கு செஷன்ஸ் விசாரணையில் குறுக்கு விசாரணை செய்து பழகிய வக்கீல் தேவை. நிலத் தகராறில் கெட்டிக்காரர் என்பது இங்கே போதாது. "போக்சோ வழக்கில் கடைசிவரை விசாரணை நடத்தியிருக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.

கட்டணத்துக்கு அரசு அளவுகோல் எதுவும் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: ரிமாண்டும் கீழ்க்கோர்ட் ஜாமீனும் ஒரு தொகை, உயர் நீதிமன்ற ஜாமீன் ஒரு தொகை, விசாரணை ஒரு தொகை. நகல் செலவு, குமாஸ்தா செலவு, மதுரை அல்லது சென்னைப் பயணச் செலவு இதில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைப் போன் வழியாகவோ வங்கி வழியாகவோ அனுப்பினால் கணக்கு இருக்கும். "அங்கே உள்ளே ஆள் இருக்கிறது, கவர் கொடுத்தால் முடியும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். டெல்டாவில் இந்தப் பேச்சை நம்பி அடகு வைத்த நகைகள் திரும்பி வந்ததில்லை.

காசு இல்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். உதவி எண் 15100. சிறைக்குள்ளிருந்தும் மனு போடலாம்.

வக்கீலை அமர்த்தும் பத்திரமான வக்காலத்தில் கைதியின் கையெழுத்தைச் சிறை அதிகாரி சான்றொப்பம் செய்ய வேண்டும். இதற்கே ஒரு நாள் போகும். ரிமாண்ட் செய்யும் இடத்திலேயே இரண்டு மூன்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவைப்பது அனுபவமுள்ள குமாஸ்தாக்களின் வழக்கம். உயர் நீதிமன்றத்துக்கும் சேர்த்து அப்போதே வாங்கச் சொல்லுங்கள்.

18 முதல் 21 வயதுக்காரர் என்றால் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்பப்படலாம். மற்றவர்களைக் கிளைச் சிறையிலோ திருச்சி மத்திய சிறையிலோ வைப்பார்கள். எங்கே என்பதை ரிமாண்ட் உத்தரவில் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். பார்க்கப் போகும்போது உங்கள் ஆதாரும், அவர் சாப்பிடும் மருந்தின் சீட்டும் கையில் இருக்கட்டும்.

4. அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள்

இந்த வழக்குகளைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு தருகிறோம், வாபஸ் வாங்குங்கள்" என்று பேசுவது. போக்சோ வழக்கைச் சமாதானம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. புகார்தாரரே வாபஸ் என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு அரசு தரப்பு வழக்காகவே நடக்கும். சமரசத்தைக் காட்டி இத்தகைய வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. காதல் வழக்குகள் சிலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் தனித்தனியாகப் பார்த்து ரத்து செய்ததுண்டு. அதையும் வக்கீல் மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் நல்லெண்ணத்தோடு பேசப் போனாலும், "மிரட்டினார்கள்" என்று ஒரு புகார் வந்தால் ஜாமீன் கிடைக்காது, கிடைத்த ஜாமீனும் ரத்தாகும். சாட்சியைப் பொய் சொல்ல மிரட்டுவது தனிக் குற்றம். அத்தை, சித்தி, தோழி மூலம் தூது விடுவதும் இதில்தான் சேரும்.

பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-இன்படி 2 ஆண்டு வரை சிறை, போக்சோவிலும் தனித் தண்டனை உண்டு. "நம்ம பையன் நிரபராதி" என்று போடும் ஒரு பதிவில் அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் வந்தாலே போதும்.

5. ஆதாரத்தைச் சேமிப்பது

முதல் வாரத்தில் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது. கைது நடந்த பதற்றத்தில் எல்லாரும் ஜாமீனையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் கண்காணிப்பு கேமராப் பதிவு அழிந்துவிடும். கடைகளில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் சில வாரங்களிலேயே பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். கடைக்காரரிடம் பதிவைக் கேட்டு வாங்கும்போது, கருவியின் பெயர், அது காட்டும் நேரம், உண்மையான நேரம் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பல கருவிகளில் கடிகாரம் 10, 20 நிமிடம் தப்பாக ஓடும். அந்த வித்தியாசத்தைக் குறிக்காவிட்டால் நல்ல பதிவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். கோர்ட்டில் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் தர வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். பென் டிரைவில் வாங்கி வந்தால் மட்டும் போதாது.

சம்பவ நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தார் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நம் பக்கத்தில் நேரம் பதிவாகும் இடங்கள் நினைப்பதைவிட அதிகம். சம்பா அறுவடை நேரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது. கூட்டுறவு சங்கத்தில் உரம் வாங்கியபோது விரல் ரேகை வைத்த கருவியின் பில். ரேஷன் கடை பில். நூறு நாள் வேலைத் தளத்தில் இடமும் நேரமும் பதியும்படி நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும் வருகைப் படம். தொழிற்சாலை வருகைப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, பணப் பரிமாற்றத் தகவல். எல்லாவற்றின் மூலமும் உங்களிடமோ அந்த அலுவலகத்திடமோ பத்திரமாக இருக்கட்டும், வக்கீலுக்கு நகல் கொடுங்கள். வெயிலில் மங்கும் வெப்பத் தாள் பில்லை அன்றே படம் எடுத்து ஜெராக்ஸ் போட்டுவையுங்கள். பத்து மாதம் கழித்து வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும்.

செல்போன் அழைப்பு விவரமும் டவர் விவரமும் தனியாருக்குத் தரமாட்டார்கள். நிறுவனங்கள் அவற்றை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. வழக்கு விசாரணைக்கு வர அதற்கு மேலும் ஆகலாம். அதனால் அதைப் பாதுகாத்து வைக்க உத்தரவிடக் கோரி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-இன் கீழ் சீக்கிரமே மனுப் போடச் சொல்லுங்கள்.

மணப்பதாக ஏமாற்றினார் என்ற வழக்கில் கேள்வி ஒன்றுதான்: தொடக்கத்திலிருந்தே மணக்கும் எண்ணம் இல்லையா, எண்ணம் இருந்து பின்னால் நின்றுபோனதா. பெண் பார்க்கப் போனது, ஜாதகம் பார்த்தது, இரு வீட்டாரும் பேசியது, எதனால் நின்றது என்பதெல்லாம் பொருள் உள்ளவை. அந்த உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை முழுதாகக் கொடுங்கள். வேண்டிய நாலு வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அரசு வக்கீல் மீதியைக் கொண்டுவந்து காட்டுவார்.

பாதிக்கப்பட்டவரின் வயதுச் சான்றைத் தேடி அவர் படித்த பள்ளிக்கு நீங்கள் போகாதீர்கள். அதைக் கோர்ட் மூலம்தான் வரவழைக்க வேண்டும்.

6. ஜாமீன்

எந்தக் கோர்ட் என்பதிலிருந்து தொடங்குவோம். தஞ்சாவூரில் போக்சோ சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. அப்படித் தனி நீதிமன்றம் இல்லாத மாவட்டத்து வழக்குகள் மகளிர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். இங்கே வெளியூர் உறவினர்கள் தவறுவார்கள்: தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கு, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வழக்குகள் சென்னைக்கு. கும்பகோணம் வழக்குக்கு மதுரை வக்கீல், பக்கத்து ஊரான மயிலாடுதுறை வழக்குக்குச் சென்னை வக்கீல். வழக்குப் பதிவான ஸ்டேஷன் எந்த மாவட்டம் என்பதைத்தான் பார்க்க வேண்டும், உங்கள் வீடு எங்கே என்பதை அல்ல.

முன்ஜாமீன், பி.என்.எஸ். 65 மற்றும் 70(2) பிரிவுகளுக்குக் கிடையாது. பாதிக்கப்பட்டவர் 16-க்குக் கீழ் என்றாலும், 18-க்குக் கீழானவர்மேல் கூட்டு வல்லுறவு என்றாலும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. மற்றவற்றில் கேட்கலாம். கிடைத்தால் உத்தரவில் சொன்ன நாளுக்குள், பெரும்பாலும் 15 நாள், கீழ்க்கோர்ட்டில் ஜாமீன்தாரரோடு ஆஜராக வேண்டும். நாள் தவறினால் உத்தரவு தானாகக் காலாவதி.

ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்ட தரப்புக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அதனால் ஒன்றிரண்டு வாய்தா கூடுதலாகும். இதை வக்கீலின் தாமதம் என்று எண்ணிச் சண்டை போடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலம், இன்றும் ஸ்டேஷனில் 164 ஸ்டேட்மென்ட் என்றே சொல்வார்கள், அது பதிவாகும் முன் மனுப் போட்டால் தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம். முதல் மனு தள்ளுபடியான மறுநாளே அதே காரணத்தோடு இன்னொன்று போடுவதும் வீண். குற்றப்பத்திரிகை தாக்கல், ஆய்வக அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் முடிவது போன்ற மாற்றம் ஒன்று வேண்டும்.

இனி கட்டாய ஜாமீன். இது நாட்காட்டி வேலை, குடும்பமே கணக்கு வைத்துக்கொள்ளலாம். குற்றத்துக்கு மரணம், ஆயுள் அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். கணக்கு கைது நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து. ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும். 2026 ஜனவரி 11-இல் ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் மார்ச் 11, மனு மார்ச் 12 காலை. 90-ஆம் நாள் ஏப்ரல் 10, மனு ஏப்ரல் 11. கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். குற்றப்பத்திரிகை முதலில் தாக்கலாகிவிட்டால் உரிமை போய்விடும். போக்சோ 8, 10 வழக்குகளுக்கு 60 நாள். பி.என்.எஸ். 69-இல் தண்டனை "10 ஆண்டு வரை" என்பதால், 60 நாள்தான் என்று வாதிட இடமிருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் பழைய சட்டத்தை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்னது. 61-ஆம் நாளே மனுப் போடச் சொல்லுங்கள். இன்னொரு குழப்பம்: இவ்வகை வழக்குகளின் புலனாய்வை 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அது போலீசுக்கு வைத்த கெடு, அது தவறினால் மட்டும் ஜாமீன் வராது.

ஜாமீன்தாரர்களை உத்தரவு வரும் முன்பே தயாராக வைத்திருங்கள். இருவர் கேட்பார்கள், ஒருவர் ரத்த உறவு என்ற நிபந்தனை சகஜம். ஆதார், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, புகைப்படம், நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது, நிலம் இருந்தால் சிட்டா. பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறது என்பது டெல்டாவில் பொதுவான சிக்கல். அந்தப் பட்டாவை வைத்துப் பேரன் ஜாமீன் நிற்க முடியாது, தன் பெயரில் வரி ரசீது உள்ளவரைத் தேடுங்கள். கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்களை வைக்காதீர்கள். போலி ஆவணம் பிடிபட்டால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும். உத்தரவு வந்து 7 நாளாகியும் வெளியே வர முடியாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. நீங்களும் போய்ச் சொல்லுங்கள்.

வெளியூரில் தங்கி அங்குள்ள ஸ்டேஷனில் தினமும் காலை 10.30-க்குக் கையெழுத்து என்ற நிபந்தனை இந்த வழக்குகளில் அடிக்கடி வரும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றோடு அன்றே வக்கீலிடம் சொல்ல வேண்டும். தளர்த்தக் கேட்டுப் பின்னால் மனுப் போடலாம்.

7. குண்டாஸ் வருமா என்று கவனியுங்கள்

குண்டாஸ் என்று சொல்லப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டத்தில் பாலியல் குற்றவாளி என்ற வகையும் உண்டு. ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் மாவட்ட ஆட்சியர், மாநகரம் என்றால் காவல் ஆணையர், தடுப்புக் காவல் உத்தரவு போட்டால் ஓராண்டு வரை வெளியே வர முடியாது. இது தனி நடவடிக்கை, ஜாமீன் இதைத் தீர்க்காது. உத்தரவோடு தரும் ஆவணக் கட்டை அப்படியே வக்கீலிடம் சேருங்கள். அரசுக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் ஆட்சேப மனு உடனே போக வேண்டும். அந்த மனுவைப் பரிசீலிப்பதில் அரசு காட்டும் தாமதமும், கைதிக்குத் தமிழில் தராத அல்லது படிக்க முடியாத பக்கங்களும் ஆட்கொணர்வு மனுவில் உத்தரவு ரத்தாகக் காரணமாகும். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

8. குற்றப்பத்திரிகையைப் படிப்பது

குற்றப்பத்திரிகை நகல் இலவசம், ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும். 164 வாக்குமூலத்தின் நகல் இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும், முன்னால் கேட்டு அலைய வேண்டாம். ஆபாசப் படமோ காணொளியோ சாட்சியமாக இருந்தால் அதன் நகல் தரமாட்டார்கள், வக்கீல் கோர்ட்டில் பார்வையிட அனுமதி கேட்கலாம்.

குடும்பத்தில் நிதானமாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடட்டும். புகாரில் என்ன சொன்னார், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், யார் எப்போது என்று என்ன எழுதியிருக்கிறது, போலீசிடம் என்ன, மாஜிஸ்திரேட்டிடம் என்ன: நான்கு கட்டம். தேதி, இடம், நபர், செயல் ஆகியவற்றில் மாறுவது எது என்று குறியுங்கள். சின்னச் சின்ன மாற்றம் குழந்தைகள் பேச்சில் இயல்பு, அதை வைத்து வழக்கு உடையாது. சம்பவத்தின் அடிப்படையே மாறியிருந்தால் அதுதான் முக்கியம். எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவாகி எத்தனை மணிக்குக் கோர்ட்டுக்கு வந்தது என்பது மாஜிஸ்திரேட் கையெழுத்தின் பக்கத்தில் இருக்கும். நடுவில் ஒரு நாள் காணாமல் போயிருந்தால் காரணம் கேட்க வேண்டும். மாதிரிகள் எடுத்த தேதி, கோர்ட்டுக்குப் போன தேதி, ஆய்வகத்துக்குப் போன தேதி, முத்திரை சரியாக இருந்ததா என்பதையும் வரிசையாக எழுதுங்கள்.

வயதுச் சான்றைத் தனியாகப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 94-இன் வரிசை இது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. மாற்றுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது அந்தப் பட்டியலில் இல்லை. 2023-இல் யுவபிரகாஷ் வழக்கில், அது தமிழ்நாட்டு வழக்குதான், உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி போக்சோ தண்டனையை நீக்கியது. 17-க்கும் 18-க்கும் நடுவில் நிற்கும் வழக்குகளில் எல்லாம் இதில்தான் திரும்பும்.

விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போட 60 நாள்தான் அவகாசம். போடுவதா வேண்டாமா என்று நகல் கைக்கு வந்த வாரமே முடிவெடுங்கள். எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது. எதிர்வாதத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துத் தோற்பதைவிட, சில வழக்குகளில் விசாரணைக்குப் போவதே மேல்.

9. விசாரணை நாட்கள்

போக்சோவில் குற்றம் நடந்தது என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும் என்று பிரிவு 29 சொல்கிறது. பயப்பட வேண்டியது உண்மைதான், ஆனால் அடிப்படைச் சங்கதிகளை அரசு தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதன் பிறகுதான் சுமை உங்கள் பக்கம் வரும். பேசாமல் இருந்து ஜெயிக்க முடியும் என்று இந்தச் சட்டத்தில் நம்பாதீர்கள். உங்கள் தரப்புச் சாட்சியும் ஆவணமும் தயாராக இருக்க வேண்டும்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும், உறவினர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தையிடம் வக்கீல் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்பதால், முதல் விசாரணை நாளிலேயே குறுக்கு விசாரணைக்கு வக்கீல் தயாராக இருக்க வேண்டும். "இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன்" என்று விட்டுவிட்டு, பிறகு மறு அழைப்பு மனுப் போட்டுத் தள்ளுபடியாவதுதான் மிக அதிகமாக நடக்கும் இழப்பு. வக்கீல் அந்த நாளில் வேறு கோர்ட்டில் இருக்க மாட்டார் என்று முந்தின வாரமே உறுதி செய்யுங்கள். பெண்ணின் நடத்தை, பழைய உறவு பற்றிய கேள்விகளைச் சட்டம் தடுக்கிறது. அப்படிக் கேட்கச் சொல்லி வக்கீலை நச்சரிக்காதீர்கள், நீதிபதியின் மனதில் உங்கள்மேல்தான் வெறுப்பு வரும்.

சாட்சிகள் முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்விகள் கேட்பார். எல்லாவற்றுக்கும் "பொய்" என்ற ஒரே பதிலோடு நிறுத்திவிட வேண்டாம். எழுத்து மூலமாகவும் விளக்கம் தரலாம். முந்தின நாளே வக்கீலோடு உட்கார்ந்து அதைத் தயாரியுங்கள்.

விசாரணையை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று போக்சோ சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகும், வேலைக்கும் பணத்துக்கும் அதற்குத் தக்கபடி திட்டமிடுங்கள். அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் ஆனதாகவே கொள்வார்கள். சம்பளத்துக்குப் பதிலாக வரும் பிழைப்பூதியத்துக்கு மனுக் கொடுங்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை என்றால், கோர்ட் அனுமதியில்லாமல் விமான நிலையம் போகாதீர்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் வழக்கு நடக்கும் கோர்ட்டின் உத்தரவு வேண்டும். விசா முடியும் தேதிக்குப் பல வாரம் முன்பே மனுப் போடுங்கள்.

10. தீர்ப்புக்குப் பின்

தண்டனை என்றால் தீர்ப்பு நகல் அன்றே இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 60 நாள், மரண தண்டனை என்றால் 30. மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் சேர்ந்தே போக வேண்டும். சாட்சியங்களின் சான்றிட்ட நகலுக்குத் தீர்ப்பு நாளிலேயே மனுப் போடுங்கள், கட்டு பெரிதாக இருந்தால் எழுதி முடிக்க வாரக்கணக்காகும். நகல் தயாரான நாட்களைக் கெடுவிலிருந்து கழிப்பார்கள் என்றாலும், மனுப் போட்ட தேதிதான் அந்தக் கழிவுக்கே அடிப்படை.

விடுதலை என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்: ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று வேலை செய்யும் இடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. அரசு தரப்பு மேல்முறையீடு செய்தால் ஆஜராவதாக ஒரு பத்திரம் எழுதி வாங்குவார்கள், 6 மாதம் அது நடப்பில் இருக்கும். பறிமுதல் செய்த போனையும் வண்டியையும் திரும்பப் பெற, மேல்முறையீட்டுக் கெடு முடிந்ததும் தனி மனுப் போட வேண்டும். அதற்குக் பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரின் நகலும், போன் வாங்கிய பில்லும், வண்டியின் ஆர்.சி. புத்தகமும் தேவைப்படும்.